வாழைக்கு வந்த வியாதி

மனிதனுக்கு வியாதி வந்தால் விசாரிக்க வருகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. சாதாரண ஜலதோஷமானாலும் ஆளுக்கு ஒரு கஷாயம் சொல்லி, வீட்டுக்காரர் கொடுக்கும் காப்பியையும் குடித்துவிட்டுப் போவார்கள். மாட்டுக்கு வியாதி வந்தாலும் ஊரில் நாலு பேராவது கூடிவிடுவார்கள். ஆனால் வாழைக்கு வியாதி வந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "இலை பழுத்துவிட்டது" என்ற ஒரே வார்த்தையில் விஷயம் முடிந்துபோகிறது. வாழையோ, நட்ட நாள் முதல் தார் வெட்டும் நாள்வரையில் தன் உடம்பு நிலையை இலையிலேயே எழுதிக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த எழுத்தைப் படிக்கத்தான் நமக்குப் பொறுமை இல்லை.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரிய சங்கதி இது என்று நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கலியாண வாசலில் கட்டுவது வாழை. பந்தியில் விரிப்பது வாழை. வெற்றிலைத் தட்டில் வைப்பது வாழை. கைக்குழந்தைக்கு முதன்முதலில் மசித்துக் கொடுப்பதும் வாழை. அதன் இலையில் விழுகிற புள்ளியும், அந்தப் புள்ளிக்காக அடிக்கிற மருந்தும் ஏதோ ஒரு வகையில் நம் வீட்டுக் கூடத்துக்கு வந்தே தீரும். ஆகையால் இதைக் குடும்ப விஷயம் என்றே கருதிப் படிக்கலாம்.

எங்கள் ஊர் பெரியநாயக்கன்பாளையம். கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலையில், மேற்கே குருடிமலையும் வடக்கே நீலகிரியும் தெரிய உட்கார்ந்திருக்கிறது. 1930-ல் அவினாசிலிங்கம் அவர்கள் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் இருக்கும் ஊர் என்றால் பலருக்கு நினைவு வரும். பஞ்சாலை இயந்திரம் செய்யும் தொழிற்சாலை இருக்கும் ஊர் என்றால் மற்றவர்களுக்கு நினைவு வரும். எங்கள் பக்கத்தில் 'காடு' என்றால் வனம் அல்ல. வானம் பார்த்த நிலம். சோளமும் கொள்ளும் விதைப்பது காட்டில். 'தோட்டம்' என்றால் கிணறு உள்ள பூமி. குருடிமலையில் தோன்றும் கௌசிகா நதி தண்ணீரைக் காட்டிலும் மணலையே அதிகமாகக் காட்டும் நதியாகையால், கிணறும் ஆழ்குழாயும் இல்லாதவனுக்கு இங்கே வாழை என்பது பழக்கடையில் பார்க்க வேண்டிய வஸ்து.

என் பெரியப்பா மகனுக்கு அப்படி ஒரு தோட்டம் இரண்டு ஏக்கரா இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறவன். அண்ணன் மண்ணில் விஞ்ஞானம் செய்கிறவர். சென்ற ஆண்டு சித்திரையில் அவர் திசு வளர்ப்பு முறையில் உண்டாக்கிய ஜி-9 கன்றுகளை வாங்கி நட்டார். ஆறடிக்கு ஆறடி இடைவெளியில் ஏக்கராவுக்குச் சுமார் ஆயிரத்து இருநூறு கன்றுகள். கன்றுக்கும், சொட்டு நீர்க் குழாய்க்கும், உரத்துக்கும் பணம் வேண்டுமே? அண்ணியாரின் இரட்டை வடச் சங்கிலி வங்கியின் இரும்புப் பெட்டிக்குப் போயிற்று. தை மாதத்தில் மூத்த பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் என்று பேசி வைத்திருந்தார்கள். கலியாணத்துக்குள் தார் வெட்டிச் சங்கிலியை மீட்டுவிடலாம் என்பது அண்ணனின் கணக்கு. அண்ணியார் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் தினம் மாலையில் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவதை மட்டும் வழக்கமாக்கிக்கொண்டார். வியாதியை முதலில் பார்த்தது அவர்தான்.

ஐப்பசி மழை நன்றாகப் பெய்து விட்ட வாரம். ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது அண்ணியார் ஓர் இலையை வளைத்துக் காட்டினார். நடு நரம்பிலிருந்து ஓரத்துக்கு ஓடும் பக்க நரம்புகளுக்கு இணையாக, எறும்பு ஊர்ந்த தடம் போலச் சிறு சிறு கோடுகள். சில வெளிர் மஞ்சள், சில செம்பழுப்பு. அதற்குக் கீழ் இலையில் அதே கோடுகள் நீண்டு தடித்துக் கண் வடிவப் புள்ளிகளாக மாறியிருந்தன. நடுவே சாம்பல் நிறம், சுற்றிலும் கறுப்பு விளிம்பு, அதற்கும் வெளியே மஞ்சள் வட்டம். இன்னும் கீழ் இலையில் புள்ளியும் புள்ளியும் கைகோத்துக்கொண்டு பாதி இலையைக் கருக்கிவிட்டிருந்தன. ஒரே மரத்தில் மேலிருந்து கீழாக வியாதியின் பால்யம், யௌவனம், முதுமை மூன்றையும் வரிசையாகப் பார்க்கலாம். தாவர நூல்படி வாழை மரமே அல்ல, பெரிய பூண்டுதான். ஆயினும் மரம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், அப்படியே இருக்கட்டும்.

"ஏந்தம்பி, மேல் இலையெல்லாம் நல்லாத்தானே இருக்குது? கீழ் இலைக்கு வயசாயிடுச்சு, பழுக்குது. உன்ர அண்ணி சும்மா பயப்படறா" என்றார் அண்ணன்.

இந்த இடத்தில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். வயதான இலை ஒரே சீராக மஞ்சளாகித் தொங்கும். சாம்பல் சத்துக் குறைந்த மரத்தின் இலை நுனியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் மஞ்சளாகிக் காய்ந்து வரும். காற்றில் கிழிந்த இலை நார் நாராகத் தொங்கினாலும் பச்சையாகவே இருக்கும். கோர்டானா என்ற மற்றொரு காளான் நோயில் வெளிர் பழுப்பான பெரிய முட்டை வடிவத் திட்டுகள், பெரும்பாலும் ஓரத்தில் விழும். நரம்போடு நரம்பாகக் கோடு கிழித்துத் தொடங்கி, சாம்பல் கண்ணாக முடிகிற வியாதி இவற்றில் எதுவும் அல்ல. அதற்கு 'சிகடோகா' என்று பெயர்.

பெயரைக் கேட்டதும் அண்ணன், "இது எந்த ஊர்ச் சாமி பேரு?" என்றார். உண்மையில் அது ஊர்ப் பெயர்தான். பசிபிக் சமுத்திரத்தில், நம்மவர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போய்க் குடியேறினார்களே அந்த பிஜித் தீவில், சிகடோகா என்று ஒரு நதிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. இந்த வியாதியை 1902-ல் ஜாவாவில் முதலில் விவரித்து எழுதினார்கள். அதற்குப் பத்தாண்டுகள் கழித்து அந்தப் பள்ளத்தாக்கில் அது வாழையைச் சூறையாடியபோதுதான் உலகம் விழித்துக்கொண்டது. பெயரும் அங்கேயே நிலைத்துவிட்டது. 1963-ல் அதே பிஜியில் இதைவிட உக்கிரமான கறுப்புச் சிகடோகா தென்பட்டது. 2000-ஆம் ஆண்டில் மூன்றாவது பங்காளி ஒன்றையும் விஞ்ஞானிகள் பிரித்து அறிந்து எழுதினார்கள். அது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிறது. மூன்றும் ஒரே குடும்பம். வெறுங் கண்ணால் ஒன்றை ஒன்றிலிருந்து பிரித்தறிவது மிகவும் கடினம். தோட்டக்காரனுக்கு அந்த வம்சாவளி அவ்வளவு அவசியமும் இல்லை. மூன்றுக்கும் குணம் ஒன்றே.

அந்தக் குணத்தைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காய்ந்து மரத்திலேயே தொங்கும் இலைக்குள் இந்தக் காளான் நுண்ணிய வித்துப் பைகளை உண்டாக்குகிறது. மழையோ பனியோ பட்டு இலை நனைந்ததும் பைகள் வெடித்து வித்துக்களைக் காற்றில் எறிகின்றன. புள்ளிகளின் மேல் உண்டாகும் வேறு வகை வித்துக்கள் தண்ணீர்த் துளியோடு தெறித்தும் வழிந்தும் பக்கத்து இலைக்குப் போகின்றன. இரண்டும் விரும்பி உட்காரும் இடம், அப்போதுதான் சுருள் பிரிகிற இளங் குருத்து. அதன் அடிப்பக்கத்தில் இலை சுவாசிக்கும் துவாரங்கள் நிறைய உண்டு. அவற்றின் வழியே திருடன்போல் உள்ளே நுழைந்துவிட்டால் வாரக்கணக்கில் வெளியே ஓர் அடையாளமும் தெரியாது. கோடு தெரியும்போது அந்த இலைக்கு மேலே மூன்று நான்கு புது இலைகள் வந்திருக்கும். ஆகையால் மேல் இலையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று அண்ணன் சொன்னது கண்ணுக்கு நிஜம், காரியத்துக்கு நிஜமல்ல. அவற்றுள்ளும் நோய் குடிபுகுந்துதான் இருந்தது.

இலை போனால் என்ன, பழத்தில் புள்ளி இல்லையே என்று கேட்கலாம். வாழையின் வாழ்க்கைக் கணக்கு விசித்திரமானது. பூ வெளியே தள்ளிவிட்டால் அதற்குப் பிறகு அந்த மரத்தில் புது இலை கிடையாது. அன்று கையில் இருக்கும் இலைகளை வைத்துக்கொண்டுதான் மூன்று மாதத்துக்கு மேல் அது தாரைப் போஷிக்க வேண்டும். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர் சேமிப்பை வைத்துக் குடும்பம் நடத்துவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பூக்கும்போது எட்டு இலைகளாவது நல்லபடி இருந்தால்தான் காய் திரளும். அதற்குக் குறைந்தால் காய் மெலியும். அதைவிடப் பெரிய விபரீதம், முற்றுமுன்பே மரத்திலேயே பழுக்கத் தொடங்கிவிடும். அறுக்கும்போது பச்சையாக இருந்த தாரும் லாரியில் போகும்போதே மஞ்சளாகிவிடும். அப்படிப்பட்ட தாரை மேட்டுப்பாளையம் மண்டியில் எந்த வியாபாரியும் கையால் தொடமாட்டார்.

கார்த்திகை பிறந்தது. இன்னும் ஒன்றரை மாதத்தில் பூத் தள்ள வேண்டிய மரங்கள். சங்கிலி வங்கியில் இருந்தது. அண்ணன் முகத்தில் இப்போது அண்ணியாரின் பயம் வந்துவிட்டது.

பயந்த மனிதன் முதலில் போகிற இடம் மருந்துக் கடை. பெயர் சொல்ல வேண்டாத ஒரு கடையில் அவருக்கு மூன்று புட்டிகளைக் கொடுத்து, மூன்றையும் ஒன்றாகக் கலந்து வாரம் ஒரு முறை அடிக்கும்படி சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒன்று காளானுக்கு, ஒன்று பூச்சிக்கு, மூன்றாவது எதற்கு என்று புட்டிக்கே தெரியவில்லை. பூச்சி இல்லாத தோட்டத்தில் பூச்சி மருந்து எதற்கு? இரண்டு புட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்படி சொன்னேன். கடைக்காரருக்கு என் மேல் மனத்தாங்கல் ஏற்பட்டிருக்கலாம். வாத்தியார் வேலையில் இது பழக்கமான விஷயந்தான்.

சைதாப்பேட்டையிலிருந்து 1906-ல் கோயம்புத்தூருக்கு வந்த விவசாயக் கல்லூரி 1971-ல் பல்கலைக்கழகமாயிற்று. திருச்சிராப்பள்ளியில் வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் ஒன்று 1993 முதல் இருக்கிறது. வியாதி வந்த தோட்டக்காரன் இருட்டில் தடவ வேண்டிய அவசியமே இல்லை. பல்கலைக்கழகக் கையேடு சொல்லும் முறையின் சாரம் இதுதான்: நோய்ப்பட்ட இலையை அகற்று, நவம்பரில் தொடங்கி மாதம் ஒரு முறை மருந்து அடி, ஒவ்வொரு முறையும் மருந்தை மாற்று. லிட்டர் தண்ணீருக்கு மாங்கோசெப் ஆனால் 2 கிராம், காப்பர் ஆக்ஸிகுளோரைடு ஆனால் 2.5 கிராம். வாழை இலை மெழுகு பூசியது. தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடிவிடும். ஆகையால் பத்து லிட்டருக்கு 5 மில்லி ஒட்டும் திரவம் சேர்க்க வேண்டும். எந்த மருந்தானாலும் அன்றைய தேதியில் அனுமதி உள்ளதா என்று கேட்டு, புட்டியின் மேல் அச்சிட்டதைப் படித்து, அடித்த நாளுக்கும் அறுக்கும் நாளுக்கும் இடையே விட வேண்டிய அவகாசத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருந்தை ஏன் மாற்றவேண்டும் என்பதற்கு ஒரு கதை உண்டு. 1970-களில் மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களில் பெனோமில் என்ற புது மருந்து வந்தது. அற்புதமாக வேலை செய்தது. எனவே அதையே மறுபடியும் மறுபடியும் அடித்தார்கள். சில ஆண்டுகளில் காளான் அதை நன்றாகப் பழகிக்கொண்டுவிட்டது. ஒரே கணக்கைப் பரீட்சைக்குப் பரீட்சை கொடுத்தால் பையன்கள் விடையை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள் அல்லவா? அதே கதைதான்.

அதற்கும் முந்திய சரித்திரம் இன்னும் சுவையானது, சற்றுத் துக்ககரமானதுங்கூட. பிரான்சு தேசத்தில் போர்டோ நகரத்துப் பக்கம், சாலையோரத்துத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறித்துத் தின்னாமல் இருக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துக் கொடிகளில் தெளித்து வைத்திருந்தார்களாம். திருடன் பயந்தானோ இல்லையோ, அந்தக் கொடிகளுக்கு மட்டும் இலை நோய் வரவில்லை. மில்லார்டே என்ற பேராசிரியர் இதைக் கவனித்துப் பரிசோதித்து 1885-ல் வெளியிட்டார். அதுவே போர்டோக் கலவை. அரை நூற்றாண்டுக்குப் பின், 1930-களின் நடுவில் ஹோண்டுராஸ் தேசத்து வாழையில் சிகடோகா புகுந்தபோது, அங்கிருந்த பெரிய அமெரிக்கக் கம்பெனி இந்தக் கலவையையே தோட்டம் முழுதும் குழாய் போட்டு அடித்தது. வியாதி அடங்கியது. ஆனால் நாள் முழுதும் குழாயைப் பிடித்து நின்ற கூலிகளின் துணியும் தோலும் நீலம் பாரித்துப் போயின. கோஸ்டா ரிகாவின் தென்பகுதியில் பல வருஷம் தெளித்த தாமிரம் மண்ணிலேயே தங்கி, பிற்பாடு வேறு பயிருக்கும் அந்த நிலத்தைக் கெடுத்துவிட்டது. இன்றைக்கும் அந்தத் தேசத்து ஏற்றுமதித் தோட்டங்கள் சிலவற்றில் கறுப்புச் சிகடோகாவுக்கு ஆகாய விமானத்திலிருந்து வருஷத்துக்கு ஐம்பது தடவைக்கு மேல்கூட மருந்து அடிக்கிறார்கள். மேல்நாட்டு மேஜையில் புள்ளியில்லாமல் பளபளக்கும் பழத்துக்கு யாரோ ஓர் ஏழையின் தோல் விலையாகப் போகிறது.

நம் ஊரில் ஒரு சிறு தோட்டத்துக்குப் போர்டோக் கலவை இன்றும் கைகண்ட மருந்துதான். அளவறிந்து அடிக்க வேண்டும், அவ்வளவே. நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு. துத்தத்தைப் பாதித் தண்ணீரிலும் சுண்ணாம்பை மீதிப் பாதியிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் உதவாது. நன்றாகத் தீட்டிய கத்தியை அதில் சிறிது நேரம் நனைத்து எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். கலந்த அன்றே அடித்துவிட வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கத்திப் பரீட்சையைச் செய்து காட்டியபோது, புத்தகத்தில் இருந்த ரஸாயனப் பாடம் முதன்முறையாக உயிர் பெற்று எழுந்தது.

ஆனால் மருந்து இரண்டாவது காரியம். முதற் காரியம் அரிவாள். வித்துக்களின் பிறப்பிடமான காய்ந்த இலையை மரத்தில் தொங்க விட்டுவிட்டு மருந்தடிப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைப்பதற்குச் சமானம். இதை அண்ணன் ஒப்புக்கொண்டார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. எழுபது வயது, வாழையோடு வளர்ந்தவர். வரப்பில் நின்றபடி கேட்டார்:

"ஏனுங்க வாத்தியாரே, இலைதானுங்க வாழைக்கு வாயும் வயிறும். அதை வெட்டிப் போட்டா அப்புறம் எதுலீங்க அது சோறுண்ணும்?"

இதைவிடச் சரியான கேள்வியை எந்தக் கல்லூரியிலும் கேட்க முடியாது. இலையெல்லாம் வெட்டினால் வியாதியும் போகும், தாரும் போகும். ஆகையால் முழுதும் கருகிய இலையைக் காம்போடு எடுப்பது. பாதி கருகிய இலையில் கருகிய பகுதியை மட்டும் அறுத்து, பச்சையை மரத்திலேயே விடுவது. கோடு மட்டும் உள்ளதைத் தொடாமல் மருந்துக்கு விடுவது என்று மூன்று விதமாகப் பிரித்துக்கொண்டோம். வைத்தியர் விரலில் புண் என்றால் விரலை எடுப்பாரே ஒழியக் கையை எடுக்கமாட்டார் என்று சொன்னதும் பெரியவர் சிரித்துவிட்டார். "அப்படீன்னா சரீங்க" என்று தம் பேரனையும் அரிவாளோடு அனுப்பினார். அறுத்த இலைகளை மரத்தடியில் போடாமல், தோட்டத்துக்கு வெளியே குழியில் போட்டுச் சாணக் கரைசல் ஊற்றி மண் மூடினோம். பக்கக் கன்றுகளை வெட்டிக் காற்றோட்டம் உண்டாக்கினோம். மழைத் தண்ணீர் தேங்கின இடத்தில் வடிகால் வெட்டினோம். ஈரம் சீக்கிரம் உலர்ந்தால் வித்து முளைப்பதற்கு அவகாசம் குறையும்.

இவ்வளவுக்கும் பிறகு கிழக்கு வரிசை மட்டும் தேறவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் புது இலையில் புதுக் கோடு. காரணத்தைத் தேடிப் போனால், அது வேலிக்கு அப்பால் நின்றது. கிழக்கே இருந்த தோட்டம் வீட்டுமனைக்காக விற்கப்பட்டு இரண்டு வருஷமாகிறது. வாங்கினவர் வெளியூர்க்காரர். கம்பி வேலி போட்டுவிட்டுப் போய்விட்டார். உள்ளே பழைய வாழைத் தூர்கள் மழையை நம்பித் தழைத்து, காய்ந்த இலையும் சருகுமாகக் கந்தல் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கந்தல் ஒவ்வொன்றும் வித்துக் களஞ்சியம்.

அவருடைய தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். "மரத்தை நாங்களே வெட்டிவிடுகிறோம், உங்களுக்கு ஒரு செலவும் இல்லை" என்றேன். மறுபக்கத்தில் வெகு நேரம் மௌனம். பூமி விலை ஏறியிருக்கும் காலத்தில் சும்மா வேலை செய்ய வருகிறவனிடம் சந்தேகப்படாமல் எப்படி இருப்பது? கடைசியில், வாழை வெட்டியதால் நிலத்தில் எங்களுக்கு எவ்வித பாத்தியதையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் சம்மதம் என்றார். பரம சந்தோஷத்துடன் எழுதி, நானும் அண்ணனும் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரும் கையெழுத்திட்டு அனுப்பினோம். பல வருஷமாகப் பிள்ளைகளுக்கு விண்ணப்பக் கடிதம் எழுதக் கற்றுக் கொடுத்திருக்கிறேன். இப்படி ஒரு சாஸனம் எழுதியது அதுவே முதல் தடவை. அடுத்த சனிக்கிழமை நான்கு தோட்டத்துக்காரர்கள் சேர்ந்து அரை நாளில் அத்தனையும் வெட்டிப் புதைத்தார்கள். காற்றுக்கு வரப்பு கிடையாது. அது கொண்டுவரும் வியாதிக்கும் கிடையாது. ஒருவர் தோட்டத்தை மட்டும் சுத்தமாக வைத்துக்கொண்டு இந்த நோயிலிருந்து தப்புவது என்பது நடவாத காரியம்.

மார்கழியில் இரண்டாவது முறை மருந்தடித்த பிறகு வேறொரு பிரச்சினை எழுந்தது. நிச்சயதார்த்த விருந்துக்கு இலை நம் தோட்டத்திலிருந்தே வரவேண்டும் என்பது அண்ணியாரின் வெகு நாளைய ஆசை. கன்று நட்டவள் பெண்ணின் விருந்துக்குக் கடையில் இலை வாங்குவதா என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் மருந்தடித்த இலையில் சுடு சோறு போடுவது எப்படி நியாயமாகும்? சில மருந்துகள் இலையின் மேலேயே தங்கும். மழைக்கும் கழுவலுக்கும் ஓரளவு போகும். சில மருந்துகள் இலைக்குள்ளேயே ஊறிவிடும். அவை எத்தனை முறை கழுவினாலும் போகா. நல்லவேளையாக, கிணற்றடியில் வீட்டு உபயோகத்துக்கென்று இருபது மொந்தன் மரங்கள் தனியே நின்றன. மொந்தன் இந்த வியாதியைத் தாங்கக்கூடிய ஜாதி. கார்த்திகையிலேயே அந்தப் பக்கம் மருந்துத் தெளிப்பான் போகக்கூடாது, அரிவாள் மட்டும் போகலாம் என்று ஏற்பாடு செய்திருந்தோம். காற்றடிக்கும் நாளில் தெளிப்பதையும் நிறுத்தி வைத்தோம். அந்த இருபது மரங்களும் பந்திக்கு முழுதாகப் போதவில்லை. மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்த முதற் பந்திக்கு மொந்தன் இலை. பிறகு உட்கார்ந்த எங்களுக்குப் பாக்கு மட்டைத் தட்டு. அண்ணியார் அதில் திருப்தி அடைந்தார்.

பட்டண வாசிகளுக்கும் இதில் ஒரு வார்த்தை உண்டு. இலை வாங்கும்போது, தாருக்காக வளர்த்த தோட்டத்து இலையா, இலைக்காகவே வளர்த்ததா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள். இருபுறமும் நன்றாகக் கழுவுங்கள். ஓர் ஓரத்தில் ஒரு சிறு புள்ளி இருக்கிறதே என்று இலையை வீசி எறியவும் வேண்டாம். அந்தக் காளான் வாழையைத் தவிர மனிதனை ஒன்றும் செய்யாது. புள்ளியே ஆகாது என்று நாம் பிடிவாதம் பிடித்தால், தோட்டக்காரன் அந்தப் புள்ளியை மருந்தால்தான் அழிப்பான். பிறகு அந்த மருந்தைச் சோற்றோடு பிசைந்து சாப்பிட வேண்டியவர்கள் நாமேதான்.

மருந்தே வேண்டாத வாழை கிடையாதா என்று பிள்ளைகள் கேட்டார்கள். உண்டு. கறுப்புச் சிகடோகாவுக்குச் சளைக்காத காட்டு வாழை ஒன்றின் பெயரே 'கல்கத்தா-4'. கல்கத்தாத் தாவரத் தோட்டத்திலிருந்து வெளிநாடு போனதால் வந்த பெயர். அதன் பழம் முழுதும் விதை, தின்ன உதவாது. ஆனால் உலகெங்கும் வாழை ஒட்டுக் கலப்புச் செய்கிறவர்கள் நோய் தாங்கும் குணத்துக்காக அதைத் தேடிப் போகிறார்கள். மலட்டு வாழையில் விதை காண்பது அருமையிலும் அருமையாகையால் வேலை மெள்ளத்தான் நடக்கிறது. எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் ஒருவனோ ஒருத்தியோ அந்த வேலையைக் கைக்கொண்டால் நான் மிகவும் மகிழ்வேன்.

தார் பங்குனியில் வெட்டினார்கள். பூத் தள்ளியபோது நடுத் தோட்டத்து மரங்களில் ஒன்பது பத்து இலைகள் நின்றன. கிழக்கு வரிசையில் ஐந்தும் ஆறும். நடுத் தோட்டத்துத் தார்களுக்கு மண்டியில் நல்ல விலையே கிடைத்தது. கிழக்கு வரிசையில் நாற்பது மரங்களின் காய்கள் திரளாமலே பழுத்தன. வியாபாரி அவற்றை ஒதுக்கிவிட்டார். அந்தப் பழங்களை அண்ணியார் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். மெலிந்த பழமானாலும் ருசியில் குறைவில்லை. பிள்ளைகள் ஒரே நாளில் தீர்த்துவிட்டார்கள். சித்திரை முதல் வாரத்தில் அண்ணன் வங்கிக்குப் போய்ச் சங்கிலியை மீட்டு வந்தார்.

இந்த ஆண்டு மறுதாம்பு விட்டிருக்கிறார்கள். ஆவணியிலேயே நான்கு தோட்டத்துக்காரர்களும் கூடிப் பேசி, ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரே நாளில் காய்ந்த இலை அறுப்பது என்று தீர்மானித்திருக்கிறார்கள். வேலிக்கு அப்பாலுள்ள மனைக்காரரும் தொலைபேசியில் கூப்பிட்டு, தம் நிலத்தில் மறுபடியும் வாழை தழைத்திருக்கிறதா என்று விசாரித்தார். தழைத்திருக்கிறது என்றேன். "வெட்டிவிடுங்கள் ஸார், இந்தத் தடவை எழுத்து ஒன்றும் வேண்டாம்" என்றார்.